எட்டு விசில் விட்டும் கறி ஏன் ரப்பராக இருக்கிறது?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஞாயிறுதோறும் ஒரே கடையில்தான் ஒரு கிலோ வெள்ளாட்டுக்கறி வாங்குகிறேன். ஒரு வாரம் வாங்கி வந்த கையோடு சமைத்தேன், பஞ்சு போல இருந்தது. அடுத்த வாரம் கூட்டத்துக்குப் பயந்து ஆறு மணிக்கே போய் வாங்கி, பிரீசரில் வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு எடுத்துச் சமைத்தேன். எட்டு விசில் விட்டும் ரப்பர். கிழட்டு ஆட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்கிறார் மாமியார். குக்கர் சரியில்லை என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? நல்ல கறியைப் பார்த்து வாங்குவது எப்படி?"

அம்மா, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பிரீசர். கடைக்காரரும் குக்கரும் இந்த முறை தப்பித்துவிட்டார்கள்.

ஆடு அறுபட்டதும் அதன் தசை உடனே அடங்கிவிடுவதில்லை. தசையில் மிச்சமிருக்கும் கிளைக்கோஜன் என்கிற மாவுச்சத்து தீரும் வரை அது இளக்கமாகத்தான் இருக்கும். கடையில் தொங்கும் கறியில் சில சமயம் தசை தானாகத் துடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த நேரத்தில்தான். சில மணி நேரத்தில் அந்தச் சத்து தீர்ந்ததும் தசை இறுகிக்கொள்ளும். இறந்த உடல் விறைத்துப்போகிறது என்கிறோமே, அதேதான். அப்புறம் தசையிலேயே இருக்கும் நொதிகள் மெல்ல மெல்ல அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும்.

ஆக, கறி மெத்தென்று வர இரண்டு நல்ல நேரங்கள் உண்டு: விறைப்பதற்கு முன்பு, அல்லது விறைப்பு விட்ட பிறகு. காலை மூன்று நான்கு மணிக்கு அறுத்த ஆட்டை ஏழு மணிக்கு வாங்கி எட்டு மணிக்கு அடுப்பில் ஏற்றிவிட்டால் முதல் நேரத்தைப் பிடித்துவிட்டீர்கள். பதினொரு மணி என்பது சரியாக நடுவில் மாட்டிக்கொள்ளும் நேரம்.

உங்கள் விஷயத்தில் கூடவே இன்னொரு தப்பும் சேர்ந்துகொண்டது. விறைப்பு ஏறாத, இன்னும் கதகதப்பு இருக்கிற கறியைச் சட்டென்று பத்து டிகிரிக்குக் கீழே குளிர வைத்தால் தசை மிக மோசமாகச் சுருங்கும். எலும்பில் ஒட்டியிருக்கும் கறியையாவது எலும்பு ஓரளவு பிடித்து நிறுத்தும். எலும்பில்லாமல் சின்னச் சின்னதாக வெட்டிய துண்டுகளுக்கு அந்தப் பிடிமானமும் கிடையாது. அப்படிச் சுருங்கிய கறியை எட்டு விசில் என்ன, பதினாறு விசில் விட்டாலும் முழுதாகத் திருத்த முடியாது. நான் கால்நடை மருத்துவம் படித்தவன். தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டில் எல்லாம் தெரிந்தவன் மாதிரி நானே கறி வாங்கி வந்து, நானே அதைப் பிரீசரில் வைத்து, மதியம் பந்தியில் எல்லாரையும் மென்றுகொண்டே இருக்க வைத்திருக்கிறேன். இன்றைக்கும் அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஞாயிறு காலையில்தான் வாங்குவேன் என்றால் வந்ததும் அடுப்பில் ஏற்றிவிடுங்கள். மதியத்துக்குக் குழம்பு ஆறிப்போகுமே என்றால் ஆறட்டும், சூடு பண்ணிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சனிக்கிழமை காலையில் எலும்போடு பெரிய துண்டுகளாக வாங்கி, சட்டென்று குளிராமல் மெல்லக் குளிரும்படி மூடியுள்ள பாத்திரத்தில் ஒன்றாக அடுக்கி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மறுநாள் சமையுங்கள். என் வீட்டில் இதுதான் வழக்கம். பிரீசருக்கு அனுப்ப வேண்டிய கறியையும் ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள். வெளியே எடுத்து உறைவை விடுவிக்கும்போதும் முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது. சமையல் மேடையில் மணிக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் பச்சைக் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

இனி மாமியாரின் சந்தேகத்துக்கு வருவோம். கிழட்டு ஆட்டைத் தள்ளிவிடுவது நடக்காத காரியம் இல்லை. அதைக் கண்டுபிடிக்க விலா எலும்பைப் பாருங்கள். இளங்கிடாவின் விலா குறுகலாக, கொஞ்சம் உருண்டையாக, உள்ளே சிவப்போடிய நிறத்தில் இருக்கும். வயதான ஆட்டின் விலா அகலமாக, தட்டையாக, வெளுத்து இருக்கும். கறியின் நிறமும் சொல்லும்: இளசு வெளிர் சிவப்பு, முற்றியது கருஞ்சிவப்பு. விரலால் அழுத்தினால் குழி உடனே நிமிர வேண்டும். தொட்டால் லேசான ஈரப்பசை இருக்கலாம், ஆனால் கொழகொழவென்று விரலில் ஒட்டினால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். எலும்போடு ஒட்டிய இடத்தில் மோந்து பாருங்கள், கெடுவது பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். கறி கேட்டு நிற்கிறவர் குனிந்து மோந்தால் கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

வெள்ளாடா செம்மறியா என்பதற்கு வாலைத்தான் பார்க்க வேண்டும். தொங்கவிட்ட ஆட்டில் வால் நுனியை முடியோடு விட்டுவைப்பது பல கடைகளில் வழக்கம். வெள்ளாட்டு வால் குட்டையாக, மேல் நோக்கி நிற்கிற வால். செம்மறிக்குக் கீழே தொங்குகிற வால். கிடாதான் என்று காட்ட விதையையும் விட்டுவைப்பார்கள். வாலும் இல்லாமல், எல்லாம் வெட்டிக் குவித்து வைத்திருக்கிற கடையில் என்ன வாங்குகிறோம் என்பது கடைக்காரருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். கொழுப்பிலும் வித்தியாசம் உண்டு. வெள்ளாட்டுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு, இருப்பது குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தை, சுற்றி உள்ளேதான் அதிகம். செம்மறிக்கு முதுகு மேலேயே வெள்ளைப் போர்வை மாதிரி படர்ந்திருக்கும். அதற்காகச் செம்மறி மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். மேச்சேரிச் செம்மறிக் குட்டியின் கறியைச் சூடாகச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வெள்ளாட்டு விலைக்குச் செம்மறியை விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

சிலருக்குக் கிடாக் கறியில் ஒரு வாடை அடிக்கும். வளர்ந்த, விதை நசுக்காத கிடாவில் அது தூக்கலாக இருக்கும். அந்த வாடை பெரும்பாலும் கொழுப்பில் இருக்கிறது. கொழுப்பைக் கழித்துவிடச் சொன்னால் பாதி குறைந்துவிடும். விதை நசுக்கி வளர்த்த கிடா கிடைத்தால் விடாதீர்கள்.

கடையில் கேட்க வேண்டிய இன்னொன்று முத்திரை. மாநகராட்சி, நகராட்சி ஆட்டுத்தொட்டிகளில், அதாவது ஆடு அறுக்கும் கூடங்களில், கால்நடை மருத்துவர் ஆட்டை உயிரோடு ஒரு தடவையும், அறுத்த பிறகு உள்ளுறுப்புகளோடு ஒரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார். சென்னையில் பெரம்பூர், சைதாப்பேட்டை, வில்லிவாக்கம் தொட்டிகளிலிருந்து வரும் கறியில் தொடைப் பக்கம் அந்த மை தெரியும். ஈரலில் பூச்சி, நுரையீரலில் கட்டி எல்லாம் நம் கண்ணுக்கு வருவதற்கு முன்பே அங்கே கழிக்கப்படும். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் தொட்டிகள் மூடியிருக்கும். அன்றைக்குப் பின்வாசல் வழியாகக் கிடைக்கிற கறி யார் கண்ணிலும் படாத கறி. ஒரு நாள் சாம்பார் வையுங்கள்.

எந்தப் பாகம் எதற்கு என்று பலர் கேட்பதே இல்லை, "ஒரு கிலோ போடுப்பா" என்பதோடு சரி. குழம்புக்கு முன்கால், கழுத்து, நெஞ்செலும்பு கலந்து வாங்குங்கள். இவை ஆடு ஓயாமல் வேலை வாங்கும் பாகங்கள், ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வுதான் நின்று வெந்தால் ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்கு வழவழப்பைக் கொடுக்கிறது. ஆட்டுக்கால் பாயா ஆறினால் கட்டியாக உறைகிறதே, அது இதனால்தான். சுக்காவுக்குப் பின்தொடை, நாருக்குக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். நாரோடு நீளவாக்கில் வெட்டினால் பல்லிடுக்கில்தான் போகும். பிரியாணிக்கு முன்காலும் விலாவும். ஐந்து பேருக்கு எலும்போடு ஒரு கிலோ குழம்புக்குப் போதும். வெந்தால் மூன்றில் ஒரு பங்கு போல எடை குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கொத்துக்கறி வேண்டுமென்றால் முழுத் துண்டைக் காட்டி, கண்ணெதிரே கொத்தி வாங்குங்கள். ஈரலைக் கறியோடு சேர்த்துக் குக்கரில் போட்டுக் கட்டையாக்குகிறவர்கள் உண்டு. ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) இரண்டுக்கும் வாணலியில் ஏழெட்டு நிமிடம் போதும்.

வெட்டுவதற்கு முன்பே முழுத் துண்டாகக் கழுவி வாங்க முடிந்தால் நல்லது. வெட்டிய பிறகென்றால் ஒரு முறை மஞ்சள் தண்ணீரில் அலசி, உடனே வடித்துவிடுங்கள். அரை மணி நேரம் ஊறப்போட்டு, சிவப்புத் தண்ணீர் போகிற வரை கழுவினால் ருசியும் அதோடு போய்விடும். குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள், தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் மேடையெங்கும் போகும்.

இப்போது கணவர் பழிபோட்ட குக்கர். விசில் என்பது நேரத்தின் அளவு இல்லை. உள்ளே அழுத்தம் மிஞ்சிவிட்டது என்பதற்கான சத்தம், அவ்வளவே. பெரிய தீயில், சின்னக் குக்கரில் எட்டு விசில் பத்து நிமிடத்தில் வந்துவிடும். சின்னத் தீயில் இரண்டு விசிலுக்கே இருபது நிமிடம் ஆகலாம். கறி வேக வேண்டியது 120 டிகிரியை ஒட்டிய நீராவியில் இத்தனை நிமிடம் என்ற கணக்கில். அதனால் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். இளங்கிடாவுக்குப் பதினைந்து நிமிடம், நடுத்தர வயதுக்கு இருபது, முற்றியதற்கு முப்பது. அடுப்பை அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டினால் உள்ளே குழம்பு தளபுளவென்று கொதித்துக் கறி வறண்டுவிடும்.

நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். ஒரு கிலோ கறியில் மஞ்சள்தூள், உப்பு, இஞ்சிப்பூண்டு விழுது போட்டுப் பிசறி அரை மணி நேரம் வைப்பேன். உப்பை முன்னாடி போட்டால் கறி வேகாது என்பார்கள், அது பருப்பில் கேட்ட கதை. கறியில் உப்பு உள்ளே இறங்கி நீரைப் பிடித்துக்கொள்ளும், நல்லதுதான். முற்றிய கறி என்று சந்தேகம் வந்தால் ஒரு மேசைக்கரண்டி பச்சைப் பப்பாளி விழுது, அதுவும் அரை மணி நேரம்தான். இரவெல்லாம் வைத்தால் மேலே கூழாகிவிடும், உள்ளே அப்படியே இருக்கும். குக்கரில் நல்லெண்ணெய் ஊற்றி, கால் கிலோ சின்ன வெங்காயம் வதக்கி, கறியைப் போட்டு மூடாமல் கிளறுவேன். முதலில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, அடி லேசாகப் பிடிக்கும்போது சத்தம் மாறும். சொட்சொட்டென்று இருந்தது சொர்ரென்று ஆகும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் குழம்பின் பாதி மணத்தை இழக்கிறார்கள். அப்புறம் மசாலாத்தூள், இரண்டு டம்ளர் வெந்நீர், மூடி, மேலே சொன்ன நிமிடக் கணக்கு. தேங்காய் விழுதைக் குக்கரில் சேர்த்து மூட வேண்டாம், அடிபிடிக்கும். திறந்த பிறகு ஊற்றி ஐந்து நிமிடம் கொதித்தால் போதும்.

திறந்ததும் வெந்ததா என்று நெஞ்செலும்புத் துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எலும்பில்லாத கெட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கரண்டி விளிம்பால் அழுத்துங்கள். நழுவிக்கொண்டு போனால், கடித்தால் துள்ளினால், வேக்காடு பத்தவில்லை: அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி இன்னும் பத்து நிமிடம். நார் நாராகப் பிரிந்து வாயில் சக்கையாகத் தங்கினால் அதிகம் வெந்துவிட்டது. அதை இனி வேகவைக்காமல், பிய்த்துப்போட்டு மிளகும் வெங்காயமும் சேர்த்து வறுத்துவிடுங்கள். மாமியாருக்கு அதைச் சுக்கா என்று பரிமாறலாம்.