ஷெட்டில் இருக்கும் லேத்தின் இரும்புச் சீவல் வீட்டுக்குள் வராமல் எப்படித் தடுப்பது?

கேள்வி: கார் ஷெட்டில் சின்ன லேத் (உலோகம் கடையும் இயந்திரம்), பெஞ்ச் ட்ரில், ஆங்கிள் கிரைண்டர் இருக்கின்றன. தினமும் பெருக்கியும் சமையலறை வரை சீவல் வருகிறது, குழந்தை காலில் குத்துகிறது. என்ன வழி?

பெருக்குவதில் குறை இருக்காது. சீவல் பறந்து வருவதைவிட உங்கள் காலில் ஏறி வருவதுதான் அதிகம். ரப்பர் சோலின் பள்ளங்களில் கட்டிங் ஆயில் பட்டிருந்தால் போதும், பொடிச் சீவல் அப்பிக்கொள்ளும். அதனால் முதலில் செருப்பைக் கவனியுங்கள். ஷெட்டுக்கென்று தனியாக, பள்ளம் ஆழமில்லாத கெட்டி சோல் வைத்த மூடிய ஷூ ஒன்று வேண்டும். அது ஷெட்டின் வாசல்படியைத் தாண்டவே கூடாது. "வீட்டு வாசலில் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போகிறேன்" என்பீர்கள். அதே வாசலில்தான் வீட்டில் எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள்.

கால்மிதி விஷயத்தில் பலரும் தப்பு செய்கிறார்கள். பழைய துணியில் தைத்த மிதியடி சீவலைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்து மிதிப்பவர் காலில் ஏற்றிவிடும். ஷெட் பக்கம் முரட்டுத் தென்னைநார் மிதியடி போட்டு, வாரம் ஒருமுறை தெருப்பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்துத் தட்டுங்கள்.

உடுப்பும் அப்படித்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லேத்தில் நிற்பது ஆபத்து, சக் (கடையும் பொருளைப் பிடித்துக்கொண்டு சுழலும் பகுதி) இழுத்துவிடும். அந்த ஆபத்து போக, மடிப்புக்குள் விழுந்த சீவல் அத்தனையும் ஹாலில் மடிப்பை அவிழ்க்கும்போது கொட்டும். பேன்ட் அடிமடிப்பு, சட்டைப்பை, பின்னல் துணி எல்லாமே சீவல் தங்கும் இடங்கள். பை இல்லாத வழவழப்பான கெட்டித்துணி ஏப்ரன் போட்டு, ஷெட்டிலேயே உதறி அங்கேயே மாட்டுங்கள். வேலை உடுப்பைத் தனி வாளியில் அலசுங்கள். மற்ற துணியோடு மெஷினில் போட்டால் வெள்ளைச் சட்டையில் துருப்புள்ளி விழும்.

இனி சீவல் உண்டாகும் இடம். எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) கடையும்போது நீளநீளமாகச் சுருள் வந்தால் பெரும்பாலும் ஃபீடு, அதாவது ஒரு சுற்றுக்கு வெட்டுமுனை நகரும் தூரம், குறைவு என்று பொருள். ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. வைத்திருந்தால், மெஷின் தாங்கும் அளவுக்கு 0.1, 0.15 என்று ஏற்றிப் பாருங்கள். சிப் பிரேக்கர் (சுருளை ஒடிக்கும் பள்ளம்) உள்ள இன்செர்ட் (கழற்றி மாட்டும் வெட்டுமுனை) என்றால் 6, 9 எழுத்து வடிவில் ஒடிந்து ட்ரேயிலேயே விழும். ட்ரில்லில் கொஞ்சம் இறக்கி, தூக்கி, மறுபடி இறக்கினால் சுருள் அறும். சுற்றிக்கொண்ட சுருளைக் கையால் இழுக்காதீர்கள். மெஷினை நிறுத்திக் கொக்கியால் எடுங்கள். ஓடும் லேத்திலும் ட்ரில்லிலும் கையுறை கூடாது. சக்குக்கு முன்னால் 3 மி.மீ. பாலிகார்பனேட் தகடு நிறுத்துங்கள், அக்ரிலிக் வெடித்துவிடும். ட்ரில் மேசையைச் சுற்றி ஒரு பக்கம் வெட்டிய அட்டைப்பெட்டி போதும். பார்க்க அழகாயிராது, வேலை செய்யும்.

கிரைண்டர் கதை வேறு, அதன் தூள் உண்மையாகவே பறக்கும். பொறி வெளிப்பக்கம் போகும்படி நில்லுங்கள். வீட்டுக்கதவைச் சாத்துங்கள். ஸ்டாண்ட் ஃபேன் காற்று வீட்டுப்பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. பொறி கண்ணாடியிலும் டைல்ஸிலும் சுட்டு ஒட்டிக்கொண்டால் பிறகு துருப்புள்ளியாகத் தெரியும்.

சுத்தம் செய்யும்போது கம்ப்ரஸர் காற்றைத் தொடாதீர்கள். சீவல் கண்ணுக்கும் லேத் பெட்டின் (அடிப்பாகத்தின்) இடுக்குக்கும்தான் போகும். 2 அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தள்ளி, பிறகு தரையைப் பெருக்குங்கள். மிஞ்சியதற்குப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலிதீன் கவருக்குள் போட்டுத் தரையோடு ஓட்டுங்கள். ஒட்டியதும் கவரை உட்புறம் வெளியே வரும்படி புரட்டிக் காந்தத்தை உருவினால் தூள் முழுதும் கவருக்குள் நின்றுவிடும். அலுமினியம், பித்தளை இதற்கு மசியாது, 304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சரியாக ஒட்டாது. டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் அவை மினுங்கும், ஈரத்துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். மாப்பை ஷெட்டுக்குள் விடவே வேண்டாம், பிழியும் கையைக் கிழித்துவிடும்.

துடைப்பமும் தனி. பூந்துடைப்பத்தின் நாருக்குள் சீவல் புகுந்துகொள்ளும், அதைக்கொண்டே ஹாலையும் பெருக்கினால் விதைத்த மாதிரிதான். வீட்டு வேக்யூம் கிளீனரும் வேண்டாம். கூரான சீவல் பையைக் கிழிக்கும், சூடு ஆறாத கிரைண்டர் தூள் உள்ளே இருக்கும் தூசியைப் பற்றவைக்கும்.

கையில் ஒட்டிய ஊசிச் சீவலைத் தேய்த்துக் கழுவாதீர்கள், இன்னும் ஆழமாக இறங்கும். செல்லோடேப்பை அழுத்தி உரித்துவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள்.

சேர்ந்த சீவலை பிளாஸ்டிக் பையில் கட்டினால் கிழிந்து, ஷெட்டிலிருந்து தெருவரை கோடு போட்டுக்கொண்டே போகும். மூடியுள்ள காலி எண்ணெய் டின் நல்லது. பித்தளையையும் அலுமினியத்தையும் இரும்போடு கலக்காமல் தனித்தனி டின்னில் வைத்தால் பழைய இரும்புக்கடையில் நல்ல விலையும் கிடைக்கும்.