முதலுக்கு மோசமில்லை

கேள்வி: நாளை முதல் விடியற்காலையில் எழுந்து நடக்க வேண்டும் என்று தினமும் இரவு முடிவெடுக்கிறேன். காலையில் மனம் வருவதில்லை. 21 நாள் விடாமல் முயற்சித்தால் எதுவும் பழக்கமாகிவிடுமாமே? என்னை உசுப்பிவிடுகிற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்களேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பெயரை நாளை முதல் வெளியிடலாம், அவசரமில்லை.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த வார்த்தை ‘முதல்’. ஆரம்பத்துக்கும் முதல் என்றுதான் பெயர், வியாபாரத்தில் போடுகிற பணத்துக்கும் முதல் என்றுதான் பெயர். நீங்கள் ஆரம்பத்தைச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ பணக் கணக்குதான் பொருந்துகிறது. நாளைதான் உங்கள் முதல். அதைப் போட்டுத்தான் இத்தனை காலமாகக் கடை நடத்துகிறீர்கள். ராத்திரி கல்லாவைத் திறந்து பார்த்தால் நாளை முழுசாக இருக்கிறது, ஒரு மணிநேரம்கூடக் குறையவில்லை. நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. முதலுக்கு மோசமே வராத வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான். லாபம் என்று எதுவும் கிடையாது, அது வேறு விஷயம்.

ஆனால் இந்த முதலைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். போன வாக்கியத்திலேயே பார்த்திருப்பீர்கள். முதலோடு இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் முதலை. சும்மா இருக்கிற வரைக்கும் அது முதல், எடுத்துச் செலவு செய்யலாம் என்று கையை விட்டால் முதலை. விடியற்காலையில் போர்வைக்கு வெளியே ஒரு காலை நீட்டிவிட்டு, ஏதோ கவ்வ வந்த மாதிரி வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்கிறோமே, அது குளிருக்குப் பயந்து என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வள்ளுவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மடியின்மை அதிகாரத்தில், 605-வது குறளில், கெட்டுப்போகிறவர்கள் ஆசைப்பட்டு ஏறுகிற மரக்கலம் என்று நான்கைச் சொல்கிறார்: நெடுநீர், மறவி, மடி, துயில். மறதி, சோம்பல், தூக்கம் மூன்றும் பின்னால்தான் வருகின்றன. முதல் இடம் நெடுநீருக்கு. சட்டென்று செய்ய வேண்டியதை இழுத்துக்கொண்டே போகிற குணம்தான் நெடுநீர். தூங்குகிறவனைக்கூடக் கடைசியில் உட்கார வைத்துவிட்டு, ‘நாளை முதல்’ ஆசாமியை முன்வரிசையில் ஏற்றியிருக்கிறார் மனிதர். அந்தக் கலத்துக்கு அடியில் நீந்துவது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். தினமும் எவ்வளவு நடந்தேன் என்று எழுதிவைக்க ஒருமுறை நோட்டு ஒன்று போட்டேன். முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நான்கு கோடு, இரண்டு நிற மை, தேதி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், ‘மனநிலை’ என்று தனியாக ஒரு கட்டம். முதல் நாள் அந்தக் கட்டத்தில் ஆறு வரி எழுதினேன். இரண்டாம் நாள் ‘நன்று’. மூன்றாம் நாள் ‘வ.போ.’, அதாவது வழக்கம் போல. இரண்டே நாளில் அது எனக்கு வழக்கமாகியிருந்தது, கவனியுங்கள். நான்காம் நாள் தேதி மட்டும். ஐந்தாம் பக்கத்தில் குழாய் ரிப்பேர் செய்கிறவரின் போன் நம்பர். அந்த நோட்டில் இன்றுவரை பயன்படுகிற பக்கம் அது ஒன்றுதான். அதே சமயத்தில் ஸ்கிப்பிங் கயிறும் வாங்கினேன். பழைய இதழ்களைக் கட்டி வைக்க அவ்வளவு உறுதியான கயிறு வேறு கிடைக்காது.

சரி, 21 நாள். இதை எழுதாதீர்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் ஒரு புத்தகம் போட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு புதிய முகம் தன்னுடையதுதான் என்று ஆளுக்குப் பழக, குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று அதில் எழுதினார். வாய்வழியாக வந்ததில் ‘குறைந்தது’, ‘சுமார்’ இரண்டும் வழியில் விழுந்துவிட்டன, கூடவே முகமும். மூக்கு 21 நாளில் பழகிவிடும் ஐயா. அது எங்கும் போவதில்லை, காலையில் கண் விழித்தால் முகத்திலேயே இருக்கிறது. நடைக்கு அந்த நல்ல குணம் கிடையாது.

உண்மையிலேயே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும். அந்த ஆய்வு 2010-ல் அச்சில் வந்தது. 96 பேர் ஆளுக்கொரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு 12 வாரம் குறித்து வந்தார்கள். யோசிக்காமலே கை செய்கிற அளவுக்கு அது படிய, நடுத்தரமாக 66 நாள். அந்த 12 வாரப் போக்கை அப்படியே நீட்டிப் பார்த்ததில், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிக்கிற பழக்கம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி ஆற அமர வந்தது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் ஒன்றும் இல்லையாம். நாமோ ஒரு நாள் விட்டால் ‘எல்லாம் போச்சு, திங்கட்கிழமை முதல் புதுசாக ஆரம்பிக்கலாம்’ என்கிறோம். பாருங்கள், மறுபடியும் முதல்.

திங்கட்கிழமையை நான் இந்தப் பக்கத்தில் திட்டாத வருடமில்லை. இப்போது கொஞ்சம் இறங்கிவர வேண்டியிருக்கிறது. கேத்தரின் மில்க்மன் உள்ளிட்ட மூவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், வருடத் தொடக்கத்தில் ஜிம்முக்கு வருகிற கூட்டம் நிஜமாகவே கூடுகிறது. ஆக, ஆரம்பிக்கத் திங்கட்கிழமை நல்ல நாள்தான். என் சண்டையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

அப்புறம், ‘மனம் வருவதில்லை’ என்கிறீர்கள். பல் தேய்க்க மனம் வந்தா தேய்க்கிறீர்கள்? அதற்கு உசுப்பிவிடச் சொல்லி யாருக்காவது கடிதம் போட்டதுண்டா? பல் தேய்த்து முடித்த வாய் உலர்வதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நில்லுங்கள். நடக்கக்கூட வேண்டாம், நின்றால் போதும். கொஞ்ச நேரம் சும்மா நின்றால், எதிர்வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறாரே என்ற கூச்சத்திலாவது கால் நகரும். கேட்டது நாலு வார்த்தை. கணக்குக்கு மேலேயே சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒரு சொந்தத் தகராறு. உங்கள் கடிதத்தில் ‘முயற்சித்தால்’ என்று இருக்கிறது. எங்கள் பிழை திருத்துகிறவர் அதைச் சிவப்பில் சுழித்து, ஓரத்தில் ‘முயன்றால்’ என்று எழுதிவிட்டார். முயற்சி பெயர்ச்சொல், அதிலிருந்து வினை பிறக்காது என்பது அவர் கட்சி. ஊரே முயற்சித்துக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் முயன்றுகொண்டிருப்பானேன் என்பது என் கட்சி. (முயல் என்றதும் ஆமையைக் கூட்டிவந்து ‘முயலாமை’ என்று முடிப்பேன் என்று காத்திருந்தவர்கள் மன்னிக்கவும். அந்தச் சிலேடைக்கு ஓய்வு கொடுத்து நாளாகிறது.) வாசகர் எழுதியதை எழுதியபடியே விடுங்கள் என்றேன். அப்படியானால் என் பெயரை இதழிலிருந்து எடுத்துவிடுங்கள் என்கிறார். இருபது வருடமாக இதே சண்டை. நாளை முதல் அவரோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.