கிளினிக் திகதி கிட்ட வந்தால் வீடே நித்திரை கொள்ளாது: கேள்வி பதில்

புற்றுநோய் வார்ட்டில கனகாலம் நிண்ட நேர்ஸ் நான். மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிஞ்சு, திரும்ப வருமோ எண்ட பயத்தோட வீட்டில இருக்கிறவையும் அவையின்ர ஆக்களும் கேளுங்கோ. ரிப்போர்ட் வாசிக்கிறது உங்கட டொக்டரின்ர வேலை.

சுன்னாகம், மகள்: அம்மாக்கு ஒப்பரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) எல்லாம் முடிஞ்சு ரெண்டு வருசம் அக்கா. கிளினிக் வருதெண்டால் சாப்பாடே இறங்காது. "ஒண்டுமில்லை, யோசிக்காதேங்கோ" எண்டுதான் சொல்லுறம்.

தங்கச்சி, அந்த "யோசிக்காதேங்கோ" எண்டதை விடுங்கோ. அதைக் கேட்டாப்பிறகு அவ வாய் திறக்கமாட்டா, குளிக்கேக்க கதவைப் பூட்டிப்போட்டு தழும்பைச் சுத்தித் திருப்பித் திருப்பித் தடவிப் பாத்துப்போட்டு வெளியில வந்து சிரிச்சுக் காட்டுவா, நீங்களும் அடுப்படியில அழுதுபோட்டு முகம் கழுவிக்கொண்டு வருவியள். கூட இருக்கிறவைக்கும் இந்தப் பயம் அதேயளவு, சில வீட்டில கூடவாயும் இருக்கும். "என்னத்தை நினைச்சம்மா பயப்பிடுறியள்" எண்டு கேட்டுப்போட்டுப் பேசாமல் இருந்து கேளுங்கோ. பிறகு ஒரு கொப்பியில எழுதுங்கோ: புதுசாக் கட்டி, தழும்பில தடிப்பு, விடாத எலும்பு நோ, மூச்சு வாங்கிறது, காரணமில்லாமல் மெலியிறது. கட்டியோ மூச்சு வாங்கிறதோ எண்டால் உடன போறது, நோ ரெண்டு கிழமைக்கு மேல நிண்டால் திகதி பாக்காமல் போறது. தேங்காய் திருவின அண்டைக்கு முதுகு பிடிச்சதை எழுதத் தேவையில்லை. ஹோமோன் குளிசை குடுத்திருந்தால் அதை மட்டும் நிப்பாட்ட விடாதேங்கோ.

கொக்குவில், கணவர்: மனிசியை ஒரு வேலையும் செய்ய விடுறேல்லை, மாமி வந்து சமைக்கிறா. ஆனாலும் எரிஞ்சு விழுறா.

அவவின்ர அடுப்பை அவவிட்டயே குடுங்கோ தம்பி. பாரம் தூக்கிறதைப் படிப்படியாக் கூட்டட்டும், கை வீங்கினால் கிளினிக்கில காட்டவேணும். டமொக்சிபென் எண்ட ஹோமோன் குளிசை போடுறவ எண்டால் உடம்பு தகிக்கும், நித்திரை குழம்பும், கோவமும் வரும். அதுக்காக நிப்பாட்டக்கூடாது! மனச்சோர்வுக்கு மருந்து எழுதினால் டமொக்சிபென் போடுறதைச் சொல்லுங்கோ, பரொக்செடினும் ஃபுளுஒக்செடினும் அதின்ர வேலையைக் குறைக்கும்.

மானிப்பாய்: கனடாத் தம்பி வருசாவருசம் பெட் ஸ்கான் (உடம்பு முழுக்கப் புற்றுநோய் தேடுற ஸ்கான்) எடுக்கச்சொல்லிக் காசு அனுப்புறார்.

அறிகுறி இல்லாட்டித் தேவையில்லை. வருசத்துக்கொருக்கா மமோகிராம் (மார்பு எக்ஸ்ரே), முதல் 3 வருசம் 3 தொடக்கம் 6 மாசத்துக்கொருக்கா டொக்டர் பாக்கிறது, அது காணும். சும்மா எடுத்து ஒரு நிழல் தெரிஞ்சால் பயாப்சி (சதைத் துண்டு எடுத்துப் பாக்கிறது) முடியுமட்டும் வீடே செத்துப் பிழைக்கும். தூரத்தில இருக்கிறவர் தன்ர பயத்துக்குக் காசு அனுப்புறார், அவரோட ஆறுதலாக் கதையுங்கோ.

சாவகச்சேரி: சீனி சாப்பிட்டால் திரும்ப வருமோ?

தேத்தண்ணிச் சீனியால திரும்ப வராது. நிறை கூடாமப் பாருங்கோ.

நெல்லியடி: 5 வருசம் முடிஞ்சுது, இனி வராதுதானே? குளிசையை விடட்டோ?

வகையைப் பொறுத்தது. ட்ரிப்பிள் நெகடிவ் (ஹோமோன் குளிசை வேலை செய்யாத ஒரு வகை) திரும்ப வாறதெண்டால் கூடுதலா முதல் 5 வருசத்துக்குள்ள. ஹோமோனால வளருற வகை அதுக்குப் பிறகும் வரலாம், அதாலதான் சிலருக்கு 10 வருசம் குளிசை குடுக்கினம். நீங்களா நிப்பாட்டாதேங்கோ, மூண்டாம் தரம் சொல்லுறன்.

பருத்தித்துறை: பெட் ஸ்கான் எடுத்தால் நல்லமோ?

மானிப்பாய்க்குச் சொன்னதை வாசியுங்கோ.

உரும்பிராய், அம்மா: மகளுக்குக் கலியாணம் பேசுறம். என்ர வருத்தத்தை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லோணுமோ? மகளுக்கே சாடையாத்தான் தெரியும்.

நல்லூர், இடையில: சொல்லாதேங்கோ! பரம்பரை வருத்தம் எண்டு சம்பந்தம் குழம்பும்.

திருநெல்வேலி: நாங்கள் சொன்னாப்பிறகுதான் குழம்பினது. நல்லூர் ஐயா சொல்லுறது சரி.

ஐயா, உங்கட அக்கறை விளங்குது, ஆனால் இந்த மறைப்பால முதல்ல பாதிக்கப்படுறது அந்தப் பிள்ளை. இந்த வருத்தம் வந்த 100 பேரில 5 தொடக்கம் 10 பேருக்குத்தான் இது பரம்பரை மரபணுவால வாறது, அதுவும் தகப்பன்ர பக்கத்தாலயும் வரும். அம்மாக்கு வந்தது தெரியாட்டில் அவ டொக்டரிட்ட என்னெண்டு சொல்லுறது?

நல்லூர்: கலியாணம் முடிஞ்சு சொல்லலாம்தானே?

அப்ப சொன்னால் ஏமாத்திப்போட்டினம் எண்டு அவதான் பேச்சு வாங்குவா. மாப்பிள்ளைக்கு எப்ப சொல்லுறதெண்டதை மகளே தீர்மானிக்கட்டும். இதுக்குமேல சம்பந்தக் கதை வேண்டாம்.

உரும்பிராய் அம்மா, வீட்டில ஒருத்தரும் இல்லாத பின்னேரமாப் பாத்து மகளைக் கூப்பிட்டு, எத்தினை வயசில வந்தது, என்ன வகை, சொந்தத்தில வேற ஆருக்கு வந்தது எண்ட மூண்டையும் சொல்லுங்கோ. 35 ஆனாப்பிறகு வெல் வுமன் கிளினிக்குக்கு (பொம்பிளையளுக்கான பரிசோதனைக் கிளினிக்) போகட்டும். உங்களுக்கு 50 வயசுக்கு முன்னம் வந்ததெண்டால் அதுவரைக்கும் நிக்காமல் இப்பவே டொக்டரிட்டக் கேக்கட்டும்.