மிக்ஸி முதல் குக்கர் வரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு ‘சிஸ்டம்’ என்றால் என்ன என்று வீட்டுப் பொருள் ஒன்றை வைத்தே விளக்க வேண்டும். எதைக் காட்டலாம்?
– வாசகி, விருதுநகர்

பதில்: மிக்ஸியைக் காட்டுங்கள். அரிசி மூட்டையில் பாதியை எடுத்துவிட்டாலும் மிச்சம் இருப்பது அரிசிதான். மிக்ஸியில் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் சின்ன கப்ளர் ஒன்றைக் கழற்றிவிட்டால் மோட்டாரும் வீண், ஜாரும் வீண். பாகங்கள் இருக்கின்றன, ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, சேர்ந்து ஒரு வேலையைச் செய்கின்றன. எந்தப் பாகமும் தனியாக அந்த வேலையைச் செய்யாது. இப்படி இருந்தால் அது சிஸ்டம்.

இன்னோர் அடையாளமும் உண்டு: கோளாறு ஓரிடம், அறிகுறி வேறிடம். கப்ளர் பல் அடிக்கடி நொறுங்குகிறது என்று கப்ளரையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜாரைத் தூக்கி, அதன் அடியில் உள்ள கப்ளரை விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுழல வேண்டும். இறுக்கமாக இருந்தால் தேய்ந்த வாஷர் வழியே உப்புத் தண்ணீர் இறங்கி, பிளேடு சுழலும் தண்டைத் (ஷாஃப்ட்) தாங்கும் ஜார் புஷ் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். புஷ், ஷாஃப்ட், வாஷர் மூன்றையும் மாற்றுங்கள். மிக்ஸியின் அடியில் உள்ள ஓவர்லோடு பட்டன் அடிக்கடி விழுவதற்கும் இதே இறுக்கம் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்டேன். அழுத்தி மிதித்தால் சறுக்குகிறது. செயின் தரமில்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: செயினைக் குறை சொல்லாதீர்கள், பின் சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலைப் பாருங்கள். செயினும் பல்லும் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்தே பொருந்திப்போகும். செயினில் கண்ணிகளைக் கோக்கும் அடுத்தடுத்த பின்களுக்கு (ஆணிகளுக்கு) நடுவே அரை அங்குலம் இருக்க வேண்டும். பழைய செயினில் அது கூடியிருக்கும். பல்லும் அதற்கேற்பக் குழிந்திருக்கும். புதுச் செயின் அந்தக் குழியில் உட்காராமல் மேலேறித் தாவுகிறது.

இனி ஸ்கேல் வைத்து அளந்து மாற்றுங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 24 இடைவெளி தள்ளியுள்ள பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு தள்ளிப்போகும்வரை விட்டால் பெரும்பாலும் ஃப்ரீவீலுக்கும் சேர்த்துச் செலவு.

கேள்வி: ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?
– வாசகர், சேலம்

பதில்: குளிராது, சூடாகும். ஃபிரிட்ஜ் உள்ளேயிருக்கும் சூட்டை எடுத்து, பின்புறத்திலோ பக்கச் சுவர்களிலோ உள்ள குழாய்கள் வழியே அதே அறைக்குள்தான் விடுகிறது. அதோடு கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரமும் கடைசியில் சூடாகவே அறையில் சேர்கிறது. ஏசியில் சூட்டை வெளியேற்றும் பெட்டி சுவருக்கு அப்பால் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். சிஸ்டத்தின் எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்று முதலில் முடிவுசெய்யாவிட்டால் கணக்கு தப்பும்.

கதவு மூடியிருந்தும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால், பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் வந்தால் கதவு விளிம்பு ரப்பரான கேஸ்கெட் போய்விட்டது.

கேள்வி: மேல்தொட்டிக்கு ஆட்டோ ஸ்விட்ச் வைத்ததிலிருந்து மோட்டார் நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடி நிற்கிறது. ஸ்விட்ச் பழுதா?
– வாசகி, மதுரை

பதில்: ஸ்விட்ச் சொன்னபடியேதான் நடக்கிறது, சொன்னதுதான் தவறு. தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரு சுற்று. இதில் ஓடத் தொடங்கும் மட்டமும் நிற்கும் மட்டமும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். சுமார் 1.1 மீட்டர் விட்டமுள்ள 1,000 லிட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 9 லிட்டர் பிடிக்கும். உங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 45 லிட்டர் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு மட்டங்களுக்கும் 5 சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால் ஒரே நிமிடத்தில் நின்றுவிடும். 30 சென்டிமீட்டர் வைத்தால் ஆறு நிமிடம் ஓடும். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அடிக்கடி கிளம்பினால் வைண்டிங் சூடேறும், கெபாசிட்டரும் சீக்கிரம் போகும்.

மெயினை அணைத்துவிட்டு, ஸ்விட்ச்சின் மிதவையான ஃப்ளோட்டின் கேபிளில் கோத்திருக்கும் எடையை ஃப்ளோட்டிலிருந்து இன்னும் தள்ளி நகர்த்துங்கள். இடைவெளி கூடிவிடும். தண்ணீர் கொட்டும் குழாய்க்கு நேர்கீழே ஃப்ளோட் இருந்தால் அலையில் ஆடியே ஸ்விட்ச் மாறிமாறி விழும், எதிர்ப்பக்கம் தொங்கவிடுங்கள்.

யாரும் குழாயைத் திறக்காமலே மோட்டார் ஓடுகிறதா? அப்படியானால் இரவில் மோட்டாரை அணைத்து, வீட்டுக்குள் போகும் கேட் வால்வை மூடி, மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியில் கசிவு. அல்லது, ஏற்றும் குழாய் அடியிலிருந்து இணைந்திருந்தால், தண்ணீரை ஒரே திசையில் விட வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வு வழியே தண்ணீர் திரும்புகிறது. இறங்கவில்லை என்றால் கழிவறை ஃப்ளஷ் தொட்டியைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: குக்கரில் விசில் கணக்கு சரியா, நிமிடக் கணக்கு சரியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிமிடக் கணக்கு. அழுத்தம் ஏறினால் வெயிட் தூக்கும், ஆவி வெளியேறும், அழுத்தம் இறங்கும், வெயிட் உட்காரும். உள்ளே சூடு 120 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க இது போதும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் டெனி பாப்பான் தன் நீராவிப் பாத்திரத்தில் வைத்த வால்வும் எடையால் அழுத்தியதுதான். பெரிய தீயில் விசில் சரசரவென்று வரும், பருப்பு வேகாது. முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து, அங்கிருந்து நேரம் பாருங்கள்.

சேஃப்டி வால்வு உருகினால் புதிது போட்டவுடன் அடுப்பில் ஏற்றாதீர்கள். தண்ணீர் வற்றியதா, வெயிட் உட்காரும் குழாயில் பருப்பு நுரை அடைத்ததா என்று பாருங்கள். குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். பருப்பு வைக்கும்போது தண்ணீரோடு சேர்த்துப் பாதிக் குக்கருக்கு மேல் நிரப்ப வேண்டாம்.