வயல் வேலையும் வீட்டு வேலையும் எப்படி ஆபத்தான குழந்தைத் தொழில் ஆகும்?

"சுரங்கம், பட்டாசு ஆலை என்றால் புரிகிறது. வயலிலும் வீட்டிலும் பிள்ளைகள் செய்யும் வேலையில் என்ன ஆபத்து?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2024-க்குத் தரும் மதிப்பீட்டின்படி, உலகில் சுமார் 13.8 கோடிப் பிள்ளைகள் குழந்தைத் தொழிலாளர்கள். அவர்களில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலையில் இருக்கிறார்கள். மொத்தக் குழந்தைத் தொழிலாளர்களில் நூற்றுக்கு 61 பேர் இருப்பது விவசாயத்தில்தான்; சுரங்கமும் ஆலையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

வேலை ஒன்றாக இருந்தாலும் உடல் வேறு. எடையோடு ஒப்பிட்டால் பெரியவரைவிடக் குழந்தை அதிகக் காற்றை இழுக்கிறது. பூச்சிமருந்து தெளித்த வயலில் அதோடு சேர்ந்து நஞ்சும் அதிகமாக உள்ளே போகும். வாய்வழி போகும் ஈயத்தைக் குழந்தையின் குடல் பெரியவரைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புகையிலைத் தோட்டத்தில் ஈர இலையைப் பறித்தாலே போதும், நிகோட்டின் தோல் வழியாக ஏறி வாந்தி, தலைச்சுற்றல் வரும். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு நிகோட்டின் நஞ்சு!

பாதுகாப்புச் சாதனம் கொடுத்தால் சரியாகிவிடாதா என்பார்கள். கையுறை, முகக்கவசம் எல்லாம் பெரியவர் அளவில் செய்தவை. முகக்கவசம் தொளதொளவென்று நின்றால் ஓரம் வழியாகத் தூசி போய்க்கொண்டேதான் இருக்கும். கையுறை பெரிதாக இருந்தால் இயந்திரத்தில் மாட்டும்.

அடுத்தவர் வீட்டில் தங்கி வேலை செய்யும் பிள்ளையின் கதை வேறு. அங்கே கண்ணுக்குத் தெரியும் இயந்திரம் இல்லை. ஆனால் எப்போது எழ வேண்டும், எப்போது தூங்கலாம் என்பதையெல்லாம் முதலாளி தீர்மானிக்கிறார். அடித்தாலும் கதவுக்கு வெளியே தெரியாது, தொழிலாளர் துறை ஆய்வாளரும் எளிதில் உள்ளே வர முடியாது. நீண்ட நேர வேலை, இரவு வேலை, முதலாளியின் இடத்திலேயே அடைத்து வைப்பது ஆகியவற்றையும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த 190-ஆம் பரிந்துரை ஆபத்துக் கணக்கில்தான் சேர்க்கிறது. அதே ஆண்டின் 182-ஆம் உடன்படிக்கை 18 வயதுக்கு உட்பட்ட யாருக்கும் இப்படிப்பட்ட வேலை கூடாது என்கிறது. 2020-க்குள் அந்த அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் அதை ஏற்றுவிட்டன. ஏற்பது சுலபம்தான்.

சின்ன விரல்களுக்குத்தான் நுணுக்கமான வேலை வரும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. கூலி குறைவு, எதிர்த்துக் கேட்காது, அவ்வளவுதான் காரணம்.

அதற்காகப் பள்ளி விட்டு வந்து அம்மாவுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுப்பதை யாரும் இதில் சேர்க்கவில்லை. அப்புறம், சட்டப்படி வேலைக்குச் சேரும் வயதைத் தாண்டிய 16, 17 வயதுப் பிள்ளைகளை உடனே வெளியே அனுப்புவதும் சரியல்ல என்பேன். இன்னும் மோசமான, கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடுவார்கள். நஞ்சிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் விலக்கி, இரவு வேலையை நிறுத்தி, அதே இடத்தில் பாதுகாப்பான வேலை கொடுக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.