ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்குற பிரெஞ்சுப் பசங்க – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் பிரான்ஸ்ல லியோன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். ஐரோப்பால சர்ச் எல்லாம் காலி, வித்துட்டு ஓட்டலா மாத்திட்டாங்கன்னுதான் ஊர்ல கேட்டு வளர்ந்தேன். இங்க என்கூட லேப்ல இருக்கிற பிரெஞ்சுப் பையன், 23 வயசு, வர்ற ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்கப் போறானாம். வீட்ல யாருக்கும் சர்ச் பழக்கமே கிடையாது, அவங்கம்மா முழிக்கிறாங்களாம். இன்ஸ்டால பார்த்தா இங்கிலாந்துல சர்ச்சுக்குப் போற இளசுங்க நாலு மடங்கு ஆயிட்டாங்கன்னு ஓடுது. இது நிஜமா, ரீல்ஸ் மோகமா, இல்ல வலதுசாரி அலையா? சர்ச்லாம் மறுபடி நிறையுமா? அவன் என்னையும் கூப்பிட்டிருக்கான், நான் கிறிஸ்டியன் இல்ல, போலாமா?

– ஒரு வாசகர்

தம்பி,

இங்கிலாந்துக் கணக்கை முதல்ல ஓரமா வெச்சிடலாம். 2025 ஏப்ரல்ல அங்க பைபிளைப் பரப்புற பைபிள் சொசைட்டிங்கிற அமைப்பு, யூகவ்ங்கிற கருத்துக்கணிப்பு கம்பெனி எடுத்த சர்வேயை வெச்சு ஒரு அறிக்கை விட்டாங்க, 18-லிருந்து 24 வயசுல மாசம் ஒரு தடவையாவது சர்ச்சுக்குப் போறவங்க 2018-ல 4 சதவீதம், 2024-ல 16 சதவீதம்னு. உங்க நாலு மடங்கு அதுதான். ஆனா அது ஆன்லைன்ல தானா பேர் கொடுத்து சேர்ந்த ஆளுங்ககிட்ட எடுத்த சர்வே, அந்த மாதிரி இடத்துல சின்னப் பசங்க கைக்கு வந்ததை டிக் பண்ணிட்டுப் போறது ரொம்ப நாளா இருக்கிற தலைவலி. குலுக்கல் மாதிரி ஆள் எடுத்துக் கேக்குற பிரிட்டிஷ் சோஷியல் ஆட்டிட்யூட்ஸ் சர்வேல இந்த ஏத்தமே தெரியல, அங்க கிராஃப் கீழதான் போகுது. அதனால அந்த ரீலை நான் ஃபார்வர்ட் பண்ண மாட்டேன்.

பிரான்ஸ் கதை வேற. அங்க அரசாங்கம் சென்சஸ்ல மதமே கேக்காது, ஆனா ஒவ்வொரு மறைமாவட்டமும் (ஒரு ஆயர், அதாவது பிஷப், பொறுப்புல இருக்கிற கத்தோலிக்க வட்டாரம்) ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்கப் போற பெரியவங்களை ஒவ்வொரு பேரா எண்ணி வெச்சிருக்கு. 2023-ல 5,463 பேர், 2024-ல 7,135, 2025-ல 10,384. அதுல 42 சதவீதம் 18-லிருந்து 25 வயசு. இதுபோக 11-லிருந்து 17 வயசுப் பசங்க 7,400-க்கு மேல. யாரும் போன்ல டிக் அடிச்சு வந்த நம்பர் இல்ல இது.

டிக் அடிச்சு வரவும் முடியாது. உங்க ஃப்ரெண்டைக் கேட்டுப் பாருங்க, ஒரு வருஷமாவது, பல ஊர்ல ரெண்டு வருஷம், மீட்டிங் மீட்டிங்கா உட்கார வெப்பாங்க, கூடவே பங்குல (உள்ளூர் சர்ச் வட்டாரம்) இருந்து துணைக்கு ஒரு ஆள், பெரும்பாலும் வயசான ஒரு அம்மாவோ ரிட்டயர் ஆனவரோ. அப்புறம் ஏன் வாங்கணும்னு நினைக்கிறேன்னு ஆயருக்கு சொந்தமா ஒரு லெட்டர் எழுதணும், இதை எழுதத்தான் பசங்க திணறுவாங்கன்னு சொல்றாங்க, சாட்ஜிபிடிகிட்ட கேட்டு எழுதுற சமாச்சாரம் இல்லையே. ஈஸ்டருக்கு முந்தி வர்ற நோன்புக் காலமான தவக்காலம் ஆரம்பிச்ச முதல் ஞாயிறு கதீட்ரல்ல எல்லாரையும் கூட்டி வெச்சு ஆயர் ஒவ்வொருத்தர் பேரா கூப்பிடுவார், எழுந்து நிக்கணும், ரெஜிஸ்டர்ல பேர் ஏறும், நிறைய இடத்துல கழுத்துல ஊதா துண்டு ஒண்ணு போட்டு விடுவாங்க. 2025-ல ஈஸ்டருக்கு முந்தின சனி ராத்திரி ஞானஸ்நானம் வாங்கி வெள்ளை உடுப்பு போட்டு வெளிய வந்த இந்தப் பத்தாயிரம் பேருக்கு திங்கக்கிழமை காலையில போப் பிரான்சிஸ் இறந்துட்டார்னு சேதி வந்துச்சு, அவங்களுக்கு அதுதான் கத்தோலிக்கரா முதல் வாரம்.

இப்ப இந்த நம்பரோட மறுபக்கத்தையும் பாக்கணும், அதை ரீல்ஸ்ல யாரும் போட மாட்டாங்க. பிரான்ஸ்ல கைக்குழந்தைக்குக் கொடுக்குற ஞானஸ்நானம் 2000-ல இருந்து கிட்டத்தட்ட பாதியாயிடுச்சு, இப்ப வருஷத்துக்கு ரெண்டு லட்சத்தை ஒட்டித்தான். குழந்தையில வாங்காதவங்க அதிகமானா, பெரிசானப்புறம் வாங்கக்கூடியவங்களும் அதிகமாத்தானே இருப்பாங்க. அதனால இதை "திரும்பி வர்றாங்க"ன்னு சொல்றது எனக்கு ஒப்பல, இவங்க போனதே இல்லையே. தாத்தா பாட்டி 1968 மாணவர் கிளர்ச்சி சமயத்துல சர்ச்ச விட்டு வெளிய வந்தாங்க, அப்பா அம்மா "அவன் வளர்ந்து அவனே முடிவு பண்ணட்டும்"னு நல்ல மனசோட விட்டாங்க, இப்ப அவன் வளர்ந்து முடிவு பண்ணிட்டு வந்து நின்னா அம்மா முழிக்கிறாங்க. சிரிக்கக் கூடாது, ஆனா சிரிப்பு வருது. எங்க ஊர்ப்பக்கம் கத்தோலிக்க வீட்ல பொறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஒரு போட்டோ, ஒரு பிரியாணி, எதுவும் ஞாபகம் இருக்காது. இவனுக்கு தேதி, மழை பெஞ்சுதா இல்லையா, யார் யார் வரல, எல்லாம் ஞாபகம் இருக்கும்.

காரணம்? ஒண்ணு இல்ல, பல இருக்கு. கொரோனா, தனிமை, யூடியூப்ல பேசுற, டொமினிக்கன்ங்கிற கத்தோலிக்கத் துறவற சபைச் சாமியார் பிரதர் போல்-அட்ரியன் மாதிரி ஆட்கள், 2024 டிசம்பர்ல பாரிஸ் கதீட்ரல் நோத்ர்தாம் மறுபடி திறந்தது, எல்லாம் சொல்றாங்க. எனக்கு நம்பத் தோணுறது வேற ஒண்ணு, கிளாஸ்ல பக்கத்து சீட்டு முஸ்லிம் பையன். அவன் நோன்பு இருக்கான், கூச்சப்படாம சொல்றான், சாயங்காலம் கூப்பிட்டு சாப்பாடு போடுறான், இவனுக்கு "நம்மளுக்கு என்ன இருக்கு?"ன்னு தோணாம இருக்குமா? 2025-ல ரமலான் ஆரம்பிச்சது மார்ச் 1, தவக்காலம் ஆரம்பிக்கிற விபூதி புதன் மார்ச் 5, ஒரே வாரம். அந்த புதன்கிழமை நெத்தியில சாம்பல் வாங்க பிரான்ஸ்ல பல சர்ச்ல இடம் பத்தலன்னு செய்தி வந்தது சும்மா இல்ல. மதச்சார்பின்மை இவ்வளவு கறாரா இருக்கிற நாட்டுல முஸ்லிம் பசங்க தயவுல கிறிஸ்தவத்துக்கு ஆள் வருதுன்னா அதை எந்தக் கட்சிக்காரனும் மேடையில சொல்ல மாட்டான்.

வலதுசாரி விஷயம் இல்லாம இல்ல. ஈஸ்டருக்கு அப்புறம் பாரிஸ்ல இருந்து ஷார்த்ர்ங்கிற கதீட்ரல் ஊருக்கு நடந்து போற, பழைய முறை லத்தீன் பூசை யாத்திரையில 2025-ல 19,000 பேர், பெரும்பாலும் இளசுங்க, அங்க "நம்ம நாடு, நம்ம அடையாளம்" பேச்சு கண்டிப்பா உண்டு. ஆனா ஞானஸ்நானம் வாங்குறவங்கள்ல முஸ்லிம் வீட்ல இருந்து வர்றவங்களும் இருக்காங்க, பாரிஸ் புறநகர்ல ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைங்க இருக்காங்க. எல்லாரையும் ஒரே கொடியில கட்டினா உங்க லேப் ஃப்ரெண்டுக்கே அது பொருந்தாது.

சர்ச் நிறையுமான்னா, இப்போதைக்கு இல்ல. வாராவாரம் பூசைக்குப் போறவங்க அங்க நூத்துக்கு ரெண்டு மூணு பேர்தான், புதுசா குருப்பட்டம் வாங்கி சாமியார் ஆகுறவங்க நாடு முழுக்க வருஷத்துக்கு நூறை ஒட்டி, பல பங்குல ஆப்பிரிக்காவுல இருந்தும் இந்தியாவுல இருந்தும் போன சாமியார்தான் பூசை வைக்கிறார். இன்னொரு பெரிய ஓட்டை, ஞானஸ்நானம் முடிஞ்சதும் அந்த மீட்டிங், துணை ஆள் எல்லாம் நின்னுடும், ஞாயித்துக்கிழமை போனா தெரிஞ்ச முகமே இல்ல, நிறைய பேர் மெல்லக் கழண்டுக்குறாங்க. பாரிஸ் வட்டாரத்து எட்டு மறைமாவட்டமும் சேர்ந்து இதைப் பேசறதுக்குன்னே ஒரு பெரிய திருச்சபைக் கூட்டம் நடத்தப் போறோம்னு 2025-ல அறிவிச்சாங்க, அப்போ ஆயர்களுக்கே பயம் இருக்குன்னுதானே அர்த்தம்.

நீங்க கண்டிப்பா போங்க, கிறிஸ்டியனா இல்லாட்டி என்ன. வெளிய தீ மூட்டுவாங்க, உள்ள லைட் எல்லாம் அணைச்சிருக்கும், வாசகம் ஒண்ணு மாத்தி ஒண்ணு போய்க்கிட்டே இருக்கும், ரெண்டு மணி நேரம் தாண்டும், அதனால சாப்பிட்டுட்டுப் போங்க, நற்கருணை அப்பம் வாங்க மட்டும் வரிசையில போகாம உட்கார்ந்திருந்தா போதும். "ஏன்டா நீ இதுக்கு வந்தே?"ன்னு அன்னிக்கு அவனைக் கேக்காதீங்க, ஆயருக்கு எழுதின பதிலையே உங்களுக்கும் சொல்லுவான். அடுத்த வருஷம் நவம்பர்ல, குளிர்ல, ஒரு சாதாரண ஞாயிறு காலையில எங்க போறான்னு பாருங்க. எனக்கும் எழுதுங்க.