இரண்டு தேதி, எது சரி?

கேள்வி: தரம் 10 படிக்கும் மகள் யாழ் பொது நூலகம் பற்றி ஒப்படை எழுதுகிறாள். அது எரிக்கப்பட்டது 1981 மே 31 என்று ஓர் இணையத்தளம், ஜூன் 1 என்று இன்னொன்று. தொடங்கிய ஆண்டும் 1933, 1934 என்று மாறுகிறது. ஐயா, எதை நம்புவது?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: இரண்டும் பொய்யில்லை, தங்கச்சி. மே 31 இரவு வைத்த தீ, ஜூன் 1 விடிந்தும் எரிந்தது. "மே 31 இரவு" என்று எழுதட்டும். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் புத்தகம் சேர்த்து இரவல் கொடுத்தார். 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் வாசிகசாலையாகத் திறந்தார்கள். எழுதினவர் எதைத் தொடக்கமாக எடுத்தார் என்பதுதான் வித்தியாசம்.

தளங்கள் முரண்படும்போது நான் பயப்படுவதில்லை. எல்லாம் ஒன்றுபோலச் சொன்னால்தான் சந்தேகம். எரிந்ததாகச் சொல்லப்படும் "97,000 நூல்கள்" என்று தேடிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரே வசனமே திரும்பத் திரும்ப வரும். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வெட்டி ஒட்டியிருந்தால், இருபது தளம் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான். எண் பிழை என்று சொல்லவரவில்லை. "சுமார்" என்று போட்டு, எங்கிருந்து எடுத்தாள் என்பதையும் மகள் எழுதட்டும்.

நூலகராக வேலை பார்த்தவன் நான். புதுப் புத்தகம் வந்தால் முதலில் பார்ப்பது தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை: யார் பதிப்பித்தது, எந்த வருடம்? இணையப் பக்கத்திலும் அதையே தேடுகிறேன். பெயருமில்லை, தேதியுமில்லை என்றால் மூடிவிடுவேன், எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

விக்கிப்பீடியாவைத் தொடாதே என்கிற ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடிக்குறிப்புகளைப் பார்க்கட்டும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றில் கிடக்கிறது. குறிப்பே இல்லாத வசனத்தை விட்டுவிடலாம். படங்களை கூகுள் லென்ஸில் போட்டால், அதே படம் வேறு எங்கெல்லாம், என்ன விளக்கத்தோடு வந்திருக்கிறது என்று தெரியும். எரிந்த கட்டடம் எல்லாம் நம் நூலகம் ஆகாது.

அப்புறம், "நூலகம் நிறுவனம்" என்ற இணைய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பழைய சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் ஸ்கான் செய்து இலவசமாக இருக்கின்றன. 1981க்குக் கிட்டிய எழுத்துகளை அங்கே தேடலாம். அந்த நாள்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள் என்பதால் நினைத்த இதழெல்லாம் அகப்படாது. ஒரு நாள் மகளைப் பொது நூலகத்துக்கே கூட்டிப்போய் உசாத்துணைப் பகுதியில் கேளுங்கள்.